ரப்பர் பாலுக்கு ஆகாத பம்ப்

ஜனவரி 9

அன்பு மருமகள் குண்டூசிக்கு,

உன் தாய்மாமன், பம்ப் கடைக் கவுன்டரின் நிரந்தர அதிபதி, எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. முதல் ஆளாக நீ நம்பமாட்டாய். அதற்காக நான் ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கப்போவதில்லை என்று சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்.

இங்கே நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறது. அக்காவுக்கு இருமல் தேவலையா? போன வாரம் அவள் போனில் இருமியது வயர் வழியாக வந்து இங்கே என் மூக்குக்கண்ணாடியை நகர்த்திவிட்டது என்று உன் அம்மாவிடம் சொல்.

பலூன் தொழிற்சாலையில் உனக்கு உற்பத்தி மேற்பார்வையாளர் வேலை என்று கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் அலமாரியில் இருந்த வால்வு ஒன்று தானாகத் திறந்துகொண்டது. பலூன் செய்கிற இடத்தில் குண்டூசிக்கு வேலை! நான் ஊதிப் பறக்கவிட்ட கதைகளையெல்லாம் நாலு வயதிலிருந்தே குத்திக் குத்தி உடைத்ததால்தானே உனக்கு அந்தப் பெயரை வைத்தேன்.

பீப்பாயில் இருக்கிற ரப்பர் பாலைத் தொட்டிக்கு ஏற்ற எந்த பம்ப் நல்லது என்று கேட்டிருக்கிறாய். முதலில் சென்ட்ரிஃப்யூகல் பம்பைப் பார்ப்போம். நம் பாஷையில் விசிறி பம்ப். உள்ளே ஒரு சக்கரம் தலைதெறிக்கச் சுற்றி, நடுவில் வந்த திரவத்தை ஓரத்துக்கு வீசும். தண்ணீருக்கு அதுதான் ராஜா. ஆனால் ஒரு சோப்புக் கரைசல் கம்பெனிக்கு நான் அதை விற்றேன். காலையில் சுவிட்சைப் போட்டார்கள். மத்தியானம் தெரு முழுக்க நுரை. அதற்குள் புகுந்த ஒரு பஸ் மறுநாள்தான் வெளியே வந்தது. பெயின்ட் அடித்ததுபோல் பளபளத்தது, கண்டக்டர் உட்பட. அவர் வீட்டில் அடையாளம் தெரியாமல் கதவைத் திறக்கவில்லையாம்.

யோசித்து முடிவெடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா


ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. முழங்காலை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். டாக்டரிடம் கதை சொல்லாமல் வலியை மட்டும் சொல்லும்படியும் சொல்லச் சொன்னாள்.

கண்டக்டருக்கு என் அனுதாபங்கள். இங்கே நிலைமையைச் சொல்கிறேன், விளையாட்டு இல்லை.

பலூன் வடிவ அச்சுகளைச் சட்டத்தில் வரிசையாக மாட்டி, ரப்பர் பால் தொட்டியில் முக்கியெடுத்துச் சூட்டறைக்குள் அனுப்புவோம். பீப்பாய்கள் பின்கொட்டகையில் இருக்கின்றன. அங்கிருந்து வாளியில் சுமந்துவந்து தொட்டியில் ஊற்றுகிறோம். அம்மோனியா நெடியில் சுமப்பவர்களுக்குக் கண் எரிகிறது. தொட்டியில் மட்டம் ஏறி இறங்குவதால் பலூன் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரு வரிசைக்கே வாளி போதவில்லை. முதலாளியோ இரண்டாவது வரிசையும் வாங்கிப் போட்டுவிட்டார். அதற்கென்று பெண்களை வேலைக்கும் எடுத்தாகிவிட்டது. அவர்களுக்குத் தலைமை மேஸ்திரியம்மா. அவர்கள் இப்போது அச்சைத் துடைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். சும்மா இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

முதலாளி நேராகச் சொல்லிவிட்டார். "ஏப்ரல் முடியறதுக்குள்ள பம்ப் ஓடி ரெண்டாவது வரிசை நடக்கணும். இல்லேன்னா அதை வித்துடுவேன். அவங்களும் போகலாம், நீயும் போகலாம்."

உங்கள் கடை விலைப்பட்டியலில் இருக்கிற கியர் பம்ப் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மற்றதில் பாதி விலை. அதையே வாங்கலாம் என்கிறார். ரப்பர் பாலுக்கு அது ஆகுமா? ஒரு வரியில் பதில் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஜனவரி 28

அன்பு மருமகளுக்கு,

ஒரு வரியில் பதில் கேட்கிறாய். நான் தும்மினாலே ஒரு பக்கம் வரும். இருந்தாலும் கேட்டதற்கு முழுப் பதில் தருகிறேன். முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். வலியை மட்டும்தான் சொன்னேன். வலிக்கு ஒரு தாத்தா இருந்ததையும் அவர் கப்பலில் போனதையும் அவரே கேட்டார்.

கியர் பம்ப் என்பது இரண்டு பல்சக்கரங்கள் கைகோத்துக்கொண்டு சுற்றும் ஏற்பாடு. வருகிற திரவத்தைப் பல்லிடுக்கில் பிடித்து, சுற்றிக் கொண்டுபோய், நசுக்கி மறுபக்கம் தள்ளும். எண்ணெய்க்கு அதைப் போல அளவு தப்பாத பம்ப் கிடையாது. ஆனால் கேள்.

ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பாலுக்கு அதைப் போட்டார்கள். பல்லுக்கு நடுவில் பால் போனது, நசுங்கியது, திரண்டது. வெளியே பால் வரவில்லை. உள்ளே ரப்பர் வளர்ந்தது. பதினொரு மணிக்கு பம்ப் பந்தாகிவிட்டது. மோட்டாரை உள்ளே வைத்துக்கொண்டு அந்தப் பந்து குதிக்க ஆரம்பித்தது. முதல் குதியில் கூரை போனது. இரண்டாவது குதியில் நீதிமன்றத்துக்குள் விழுந்தது. நீதிபதி அதையும் ஒரு சாட்சி என்று நினைத்துக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். மூன்றாவது குதியில் கல்யாண மண்டபம். மாப்பிள்ளையைத் தூக்கிப்போய்ப் பக்கத்து மண்டபத்தில் வேறு பெண்ணுக்கு அருகில் உட்கார வைத்தது. இன்றுவரை அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். பந்து இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் மேகம் இல்லாமல் இடிச்சத்தம் கேட்டால் அதுதான்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் பதில் சொல்ல முடியாது. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் தாத்தா கப்பலில் போகவில்லை, படகில்கூட ஏறியதில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் சத்தமாகப் படித்தேன். மாப்பிள்ளை இடம் மாறியதும் மேஸ்திரியம்மா சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்து ரொம்ப நாளாயிற்று, அதற்கு நன்றி. அப்போது முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு எழுதினது?"

"என் மாமாங்க. பம்ப் கடையில கவுன்டர்ல இருக்கார்."

"அந்தக் கடையிலயா? தன் கடைப் பம்பைப் பத்தியே ஒருத்தர் இப்படி எழுதுவாரா? விளையாட்டுக்கு எழுதியிருக்கார். கியர் பம்புக்கு ஆர்டர் போட ஏற்பாடு பண்ணு."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை, மாமா. எதை வைத்து மறுப்பேன்? நீங்கள் எனக்குச் சொன்ன நூறு கதையில் எது நிஜம் என்று எனக்கே தெரியாது. மூக்கில் பென்சில் விட்டால் காதில் எழுதலாம் என்று சொன்னதும் நீங்கள்தான். நான் முயற்சி செய்து பார்த்ததும் உங்களுக்குத் தெரியும்.

சரி, நானே பார்த்துவிடலாம் என்று தோட்டத்துத் தொட்டிக்கு வைத்திருக்கும் சின்ன விசிறி பம்பைக் கழற்றிவந்து அரை வாளிப் பாலில் ஓட்டினேன். முதலில் நுரை. பிறகு கடுகளவு கட்டிகள். வடிகட்டியில் ஒரு கை ரப்பர் சிக்கியது. ஆகவே விசிறி பம்ப் கிடையாது. அந்த மட்டும் எனக்கே தெரிந்துவிட்டது. கியர் பம்ப் மட்டும் இங்கே இரவலாகக் கிடைக்கவில்லை.

உங்களுக்கு போன் செய்து "ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டேன். நீங்கள் இருமிவிட்டு வைத்துவிட்டீர்கள். இருமல் அம்மாவுக்குத்தானே? ஆர்டரை இன்னும் கொஞ்ச நாள்தான் இழுக்க முடியும். தயவுசெய்து ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 15

அன்பு மருமகளுக்கு,

அக்கா இருமலை விட்டுவிட்டாள் என்று கேட்டுச் சந்தோஷம். வீணாகப் போகக்கூடாதென்று நான் எடுத்துக்கொண்டேன். போனில் கேட்டது அதுதான். மேலும் அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் எங்கள் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அந்த மாதிரி வெப்பநிலையில் மனிதனுக்குத் தொண்டை கட்டும்.

எங்கள் கடைக்காரரை உனக்குத் தெரியாது. நல்ல மனிதர். நான் சொல்லும் எல்லாவற்றையும் நம்புவார். நுரைக்குள் போன பஸ்ஸை அவரே நாலு பேரிடம் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு வருத்தம், அந்த கியர் பம்ப். வாங்கின நாளிலிருந்து விற்காமல் கண்ணாடிப் பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் முதலாளி விலைப்பட்டியல் கேட்டிருப்பது தெரிந்ததிலிருந்து கடைக்காரர் அதைத் தினமும் துடைக்கிறார். "இந்த மார்ச்சுக்குள்ள ஒண்ணு அது வெளிய போகணும், இல்ல நீ உள்ள போகணும்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே என்றால் கிடங்கு. ஜன்னல் இல்லாத அறை. வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்றால் முன்அனுமதி வாங்கவேண்டும். நானும் சிரித்தேன்.

அது இருக்கட்டும். டயாஃப்ரம் பம்ப் என்று ஒரு சாது இருக்கிறது. உள்ளே ரப்பர் சவ்வு. காற்று அதை முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். மூச்சு விடுவதுபோல் திரவத்தை இழுத்து இழுத்து விடும். நசுக்காது, அடிக்காது. நான் விற்ற ஒன்று இராப்பகலாக அவ்வளவு அழகாக மூச்சு விட்டதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை மாமனார் என்று நினைத்து மெதுவாகப் பேசினார்கள். அதற்குச் சளி பிடித்தபோது மூன்று டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் காற்றாட இடம் மாற்றச் சொன்னார். நிஜமாகவே அதை மாடிக்கு மாற்றி, போர்வையும் போர்த்தினார்கள்.

கிடைத்தால் ஓட்டிப் பார். உள்ளே இரண்டு குண்டுகள் வால்வாக உட்கார்ந்திருக்கும். அவற்றின்மேல் ஒரு கண் வை.

உன் மாமா


பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள்.

பக்கத்துப் பெயின்ட் தொழிற்சாலையில் டயாஃப்ரம் பம்ப் ஒன்று கொடுத்தார்கள். அதை ஓட்டத் தேவையான காற்றுக்குச் சுவரைத் தாண்டி அவர்களுடைய குழாயையே நீட்டினார்கள். முதல் நாள் பால் அழகாக ஏறியது. நுரை இல்லை, கட்டி இல்லை. மேஸ்திரியம்மா தொட்டி விளிம்பைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் காலையில் பம்ப் மூச்சு விட்டது, பால் வரவில்லை. கழற்றினோம். நீங்கள் சொன்ன குண்டுகள் உட்காரும் இடத்தில் மெல்லிசாக ரப்பர் தோல் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தால் ஓடுகிறது, விட்டால் ஒட்டுகிறது. தினமும் கழற்றிக் கழுவ ஒரு ஆள் வேண்டும், எங்களிடம் இல்லாத காற்று இயந்திரமும் வேண்டும். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். எனக்கும் அவர் சொல்வது தப்பென்று தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டயாஃப்ரம் பம்ப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. கியர் பம்பைத் தினமும் துடைக்கிறார்கள் என்று இருக்கிறது. அது ஆகுமா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

இன்று முதலாளி உங்கள் கடைக்கு முறைப்படி விசாரணைக் கடிதம் அனுப்பிவிட்டார். ரப்பர் பாலுக்கு கியர் பம்ப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். "கடை பேர்ல என்ன பதில் வருதோ அதுபடி செஞ்சுடலாம்" என்கிறார். பொருந்தும் என்று வந்தால் அன்றே ஆர்டர். மேஸ்திரியம்மா என்னிடம் வந்து, "நாங்க வேற இடம் இப்பவே பார்க்கணுமா, ஏப்ரல் வரைக்கும் பொறுக்கலாமா? உள்ளதைச் சொல்லும்மா" என்றார். கடையின் பதில் வரட்டும் என்றேன்.

முதலாளியின் விசாரணைக் கடிதம் யார் மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

மருமகள்


மார்ச் 4

உரிமையாளர் அவர்களுக்கு,
பலூன் தொழிற்சாலை.

ஐயா,

தங்கள் பிப்ரவரி 24 தேதியிட்ட விசாரணை கிடைத்தது.

எங்கள் விலைப்பட்டியலில் உள்ள கியர் பம்ப் ரப்பர் பாலுக்கு ஆகாது. பற்கள் நசுக்கும் இடத்தில் பால் திரண்டு, கட்டியாகி, பம்ப் நின்றுவிடும். வாங்க வேண்டாம்.

தங்கள் வேலைக்கு ஏற்றது ஹோஸ் பம்ப். அது எங்களிடம் இல்லை. எங்களுக்கு எதிர் வரிசையில் உள்ள கடையில் கிடைக்கும். குறைந்த வேகத்தில் ஓட்டவும்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவு


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

கடையின் பதில் வந்தது. கையெழுத்து உங்களுடையது. அம்மாவை நீங்கள் விசாரிக்காமல் எழுதிய முதல் கடிதம் அதுதான். அம்மாவிடம் காட்டினேன். "உடம்பு சரியில்லையோ அவனுக்கு?" என்றாள்.

முதலாளி அதைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "பந்து எழுதினவரேதானா இது?" என்றார். ஆமாம் என்றேன். "இதுல ஜோக் எங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தன் சரக்கு வேண்டாம்னு கடைத் தாளிலேயே எழுதியிருக்கார். அப்ப இது நிஜமாத்தான் இருக்கணும்" என்றவர், எதிர்க்கடைக்கு அன்றே ஆர்டர் போட்டார்.

அதாவது ஜனவரியிலேயே நீங்கள் எனக்குச் சொல்லிவிட்டீர்கள். கூரை, நீதிபதி, மாப்பிள்ளை மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருந்தது நிஜம். எனக்கு எடுக்கத் தெரியவில்லை. நீங்களும் எடுக்கவில்லை.

பம்ப் வர மூன்று வாரம் ஆகும். மேஸ்திரியம்மாவைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கடையில் ஒன்றும் தொந்தரவு இல்லையே? உடனே பதில் எழுதுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வராத மார்ச் மாதம் எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல்.

ஹோஸ் பம்ப் வந்துவிட்டது. பார்க்க ஒன்றுமே இல்லை. லாடம் மாதிரி வளைந்த ஒரு தடித்த ரப்பர் குழாய், அதன்மேல் உருளும் இரண்டு உருளைகள். உருளை குழாயை அமுக்கிக்கொண்டே நகர்கிறது, முன்னால் இருக்கும் பால் நகர்கிறது. பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல்தான். பால் குழாயைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. வால்வு இல்லை, பல் இல்லை, விசிறி இல்லை. குழாய் தேய்ந்தால் குழாயை மட்டும் மாற்றவேண்டும்.

முதல் நாள் பலூன்களில் ஊசித்துளை விழுந்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். பம்பின் மேல் தப்பா என்று சாயங்காலம் வரை திணறினேன். பிறகு பார்த்தால் குழாயின் வாய் தொட்டிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பால் உயரத்திலிருந்து விழுந்து காற்றுக் குமிழைக் கூடவே இழுத்துப்போயிருக்கிறது. வாயைப் பால் மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டினேன். துளை நின்றுவிட்டது. இரண்டாவது வரிசை ஓடுகிறது. யாரும் போகவேண்டாம், வேலையைப் பாருங்கள் என்று முதலாளி அவர்கள் முன்னாலேயே சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

நல்ல செய்தி இவ்வளவுதான். நேற்று அம்மா உங்கள் கடைக்கு போன் செய்தாள். வேறு யாரோ எடுத்தார்கள்.

"தம்பி இருக்கானா?"

"அவர் உள்ள இருக்காரும்மா."

"கூப்பிடுங்க."

"உள்ளேன்னா, உள்ள. கவுன்டர்ல இல்ல இப்ப."

உள்ளே என்றால் என்ன என்று நீங்கள் பிப்ரவரியில் எழுதியிருந்தீர்கள்.

மருமகள்


ஏப்ரல் 16

அன்பு மருமகளுக்கு,

தாள் பழுப்பாக இருக்கிறதே என்று பார்க்காதே. பேரரசர்கள் மரப்பட்டையில் எழுதியிருக்கிறார்கள். இது மோட்டாரைச் சுற்றிவந்த காகிதம். அதைவிட உயர்ந்தது.

அக்காவிடம் கவலை வேண்டாம் என்று சொல். எனக்குப் பதவி உயர்வு. கவுன்டரில் வெறும் அதிபதியாக இருந்தவன் இங்கே சக்கரவர்த்தி. கிடங்கு எவ்வளவு பெரியது தெரியுமா? இந்த மூலையில் காலையில் கூப்பிட்டால் அந்த மூலையில் மத்தியானம்தான் கேட்கும். ஆகவே நான் காலையிலேயே என் மத்தியானச் சாப்பாட்டைக் கேட்டுவிடுகிறேன். எலிகள் மூன்று படைப்பிரிவாக என்முன் அணிவகுக்கின்றன. குதிரைப்படைக்கு ஒரு பூரான் தலைமை. ஒற்றை பல்பு இருக்கிறது. அது எரிவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்கிறது. நான் தலையிடுவதில்லை.

கியர் பம்பும் உள்ளே வந்துவிட்டது. எனக்கு எதிரே பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் தன் மேல் குற்றம் இல்லை என்கிறது. நான் மறுக்கவில்லை. எண்ணெய்க்கு பம்ப் கேட்டு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

உன் வரிசை ஓடுகிறது என்று படித்ததும் எலிகளுக்கு ஒருநாள் விடுமுறை கொடுத்தேன். குழாய் வாயை நீ இறக்கியது எனக்குத் தோன்றியிருக்காது. நான் விற்பேன், விற்றபின் அங்கே போய்ப் பார்த்ததில்லை.

முழங்காலுக்கு இங்கே நல்ல ஓய்வு. உட்கார்ந்தே இருக்கிறேன்.

உன் மாமா


ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

எலிப்படை நலமா? மற்றதை நேராகக் கேட்கிறேன்.

அந்தக் கடிதத்தால்தானே உங்களை உள்ளே போட்டார்கள்? கடைக்காரர் உங்களிடம் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? பூரான் வேண்டாம்.

இங்கே முதலாளி அந்தக் கடிதத்தை அலுவலக அறையில் பலகையில் குத்திவைத்திருக்கிறார். அச்சு விற்க வருபவர், சாயம் விற்க வருபவர் எல்லோரையும் அதைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். "உங்க சரக்கைப் பத்தி இந்த மாதிரி ஒரு வரி சொல்லுங்க, பார்க்கலாம்" என்கிறார். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். பெயின்ட் தொழிற்சாலைக்காரரும் வந்து படித்துவிட்டு, கடை எந்தத் தெரு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

உங்கள் கடைக்காரருக்கு எழுதட்டுமா என்று முதலாளி கேட்கிறார். அல்லது நீங்களே இங்கே வந்துவிடலாம். பராமரிப்புக்கு ஆள் வேண்டும். மேஸ்திரியம்மா உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார். மாப்பிள்ளை மாறிய கதையை நேரில் கேட்கவேண்டுமாம். அம்மா உங்களுக்கு அறையே ஒழித்துவைத்துவிட்டாள். எனக்காக எழுதியதால் இப்படி ஆயிற்று என்று எனக்கு உறுத்துகிறது.

மருமகள்


மே 7

அன்பு மருமகள் குண்டூசிக்கு,

நலம். அக்காவுக்கு என் வணக்கம். அறையைப் பூட்டி, சாவியைப் பத்திரமாக வைக்கச் சொல்.

உறுத்தல் வேண்டாம். உனக்காக எழுதினேன் என்று நினைத்தால் நீ என்னைக் குறைத்து மதிக்கிறாய். உனக்காக எழுதியது பந்தின் கதை. அதை நீ நம்பவில்லை, அது வேறு. விசாரணைக் கடிதம் என் மேசைக்கு வந்தபோது அரைநாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தது ஒரு அந்நிய மனிதர். பந்து, நீதிபதி எல்லாம் எழுதிப் பார்த்தேன். கடைத் தாளில் அது உட்காரவில்லை. பொருந்தும் என்று எழுதவும் கை வரவில்லை. கடைசியில் மிச்சம் நின்றது அந்த நாலு வரிதான்.

கடைக்காரர் நகலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எதிர்க்கடைக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல."

"பின்ன எதுக்கு எழுதின?"

"உண்மை அதுதான், அதனால."

விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருஷத்தில் நான் அளந்த அத்தனையையும் நம்பின மனுஷன், பஸ் நுரையில் போனதை நம்பினவர், இதை மட்டும் நம்பவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ உள்ள" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னை நம்பிப் பழகியவருக்கு அது பெரிய அதிர்ச்சி. உங்கள் முதலாளி எழுதவேண்டாம். நானும் அங்கே வரவில்லை. அம்மோனியா நெடியில் பொய் சொன்னால் கண்ணில் தண்ணீர் வரும், ஜனங்கள் என்னை உத்தமன் என்று நினைத்துவிடுவார்கள்.

இனி, நீ வேண்டாம் என்றாலும், செய்தியைக் கேள்.

உங்கள் பலகையில் குத்தின கடிதத்தின் புகழ் ஏழு கடல் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் ஜனசமுத்திரம். எண்ணெய் மில் முதலாளிகள் யானைமேல் வந்தார்கள். யானை நிறுத்த இடமில்லாமல் எதிர்க்கடைக்குள் இரண்டை நிறுத்தினோம். சாராய ஆலைக்காரர்கள் தள்ளாடியபடி வரிசையில் நின்றார்கள். ஒரு தேசத்து ராணுவ மந்திரி எதை வாங்கக்கூடாது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இரவே வந்து படுத்துவிட்டார். "ஆகாது என்று சொன்னவர் எங்கே? அவர் வாயால் ஒருதரம் ஆகாது என்று கேட்கவேண்டும்!" என்று கூட்டம் அலறியதில் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. கடைக்காரர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கிலிருந்து கவுன்டர் வரை ஓடினார். வழியில் எலிகள் மலர் தூவின. பூரான் அழுதது. நான் பல்லக்கில் உட்கார்ந்து, இடது முழங்காலை ஒரு மெத்தையில் தனியாக வைத்து, நாள் முழுக்க "ஆகாது, ஆகாது" என்று அருள்பாலித்தேன். சாயங்காலத்துக்குள் உலகத்தில் பாதி பம்புகள் ஓய்வுபெற்றுவிட்டன.

மேஸ்திரியம்மாவுக்கு இதை யானையிலிருந்து படித்துக்காட்டு.

உன் மாமா

பி.கு.: யானை இல்லை, மந்திரி இல்லை, பல்லக்கும் இல்லை. நான் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறேன். திங்கட்கிழமை ஒரே ஒருவர் வந்தார், உங்கள் பெயின்ட் தொழிற்சாலைக்காரர். கவுன்டரில் ஒரு பம்பைக் காட்டியிருக்கிறார்கள். "அந்தக் கடிதம் எழுதினவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்" என்றாராம். கடைக்காரரே அவரையும் பம்பையும் உள்ளே கொண்டுவந்து, என் முகம் தெரியட்டும் என்று பல்பைத் தட்டி எரியவைத்து, பக்கத்தில் நின்றார். பெயின்டுக்கு என்றார். பம்பைப் பார்த்தேன். "ஆகும்" என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் எப்போதும் சாத்திவைக்கும் கிடங்குக் கதவை அன்று சாத்தாமல் போனார். அது மட்டும் நிஜம்.